அஞ்சு குண்டு முடிஞ்சுது, ஓடு!

வாசகர் கேள்வி – பதில்
(பதில் சொல்பவர் தங்கச்சிமடத்தில் கணினி விளையாட்டு மையம் நடத்துகிறவர்)

கேள்வி: கணினியில் ஆடும் சுடும் விளையாட்டில் இரண்டு வருஷமாக ஒரே துப்பாக்கியில் கை பழகியிருந்தேன் அக்கா. போன அப்டேட்டில் அதன் டேமேஜை, அதாவது ஒரு குண்டு எதிரியின் உயிரில் எடுக்கும் புள்ளியை, குறைத்துவிட்டார்கள். இப்போது எந்தச் சண்டையிலும் நான்தான் முதலில் சாகிறேன். உழைத்துப் பழகியவனுக்கு இது அநியாயம் இல்லையா?
– கல்லூரி மாணவர், தொண்டி

பதில்: எவ்வளவு குறைத்தார்கள் என்று எழுதாமல் விட்டுவிட்டீர்களே தம்பி! முதலில் தெரிய வேண்டியது அதுதான். நெர்ஃப் (ஆயுதத்தின் பலத்தைக் குறைப்பது) என்ற சொல்லைக் கேட்டதும் கோபம் வந்துவிடுகிறது, எண்ணை யாரும் பார்ப்பதில்லை.

ஒரு தாள் எடுத்துக்கொள்ளுங்கள். எதிரிக்கு உயிர் 100. உங்கள் துப்பாக்கியின் டேமேஜ் 34 என்றால் மூன்று குண்டில் 102, ஆள் விழுந்துவிடுவான். அதை 33 ஆக்கினால் மூன்று குண்டில் 99. ஒரே ஒரு புள்ளி உயிரை வைத்துக்கொண்டு அவன் உங்களைத் திருப்பிச் சுடுவான். நிமிஷத்துக்கு 600 குண்டு சுடும் துப்பாக்கியில் ஒரு குண்டுக்கும் அடுத்ததற்கும் 0.1 நொடி இடைவெளி. முதல் குண்டிலிருந்து எண்ணினால் 0.2 நொடியில் முடிந்த வேலை இப்போது 0.3 நொடி. புள்ளி ஒன்றுதான் குறைந்தது, நேரம் ஒன்றரை மடங்காகிவிட்டது. சரி, 45ஐ 35 ஆக்கினால்? பத்து புள்ளி போச்சே என்று எல்லோரும் அலறுவார்கள். முன்பும் மூன்று குண்டு, இப்போதும் மூன்று குண்டு. கவசம் இல்லாத ஆளிடம் ஒன்றுமே மாறவில்லை.

கவசம் வந்தால் கணக்கு வேறு. பப்ஜியின் கணினிப் பதிப்பில் தூரத்திலிருந்து குறிபார்த்துச் சுடும் கார்98கே ஸ்னைப்பர் துப்பாக்கிக்கு டேமேஜ் 79. தலையில் பட்டால் இரண்டரை மடங்கு, 197 சொச்சம். இரண்டாம் நிலை ஹெல்மெட் அதில் 40 சதவீதத்தைத் தடுக்கும், மீதி 118. ஆள் காலி. மூன்றாம் நிலை ஹெல்மெட் 55 சதவீதத்தைத் தடுக்கும், மீதி 88. தப்பித்துவிடுவான். அதனால் மூன்றாம் நிலை ஹெல்மெட் எவ்வளவு கிடைக்கிறது என்பதை மாற்றினாலே போதும், துப்பாக்கியைத் தொடாமலே ஸ்னைப்பர்காரனின் ஆட்டம் மாறிவிடும்.

எண்ணை மாற்றும்போது எதிரியின் தைரியமும் மாறுகிறது. இதை என் மையத்திலேயே பார்த்தேன். 2022 நவம்பரில் கவுன்டர் ஸ்ட்ரைக் என்ற விளையாட்டில் ஏ.டபிள்யூ.பி. ஸ்னைப்பரின் மேகசினை (ஒரு தடவை நிரப்பும் குண்டுகளை) 10 குண்டிலிருந்து 5 ஆக்கினார்கள். டேமேஜைத் தொடவில்லை, ஆட்டத்துக்குள் வாங்கும் விலையும் அதே 4750தான். எங்களிடம் வரும் ஒரு பையன், நண்டு வலைக்குப் போகிறவன், அந்தத் துப்பாக்கியாலேயே பேர் வாங்கியவன். டஸ்ட் 2 என்ற களத்தில் லாங் என்கிற நீளப் பாதையைப் பார்த்து உட்கார்ந்தான் என்றால் அந்தப் பக்கம் ஈ நுழையாது. எதிரில் புகைக் குண்டு போட்டாலும் புகைக்குள்ளேயே நாலு விட்டுப் பார்ப்பான். பத்து இருக்கும்போது நாலு வீணானால் என்ன?

அந்த வாரம் கடலில் காற்று பலமாக இருந்ததால் படகுகள் போகவில்லை, மையம் நிரம்பியிருந்தது. எதிர் அணி ஐந்து பேரும் சத்தமாக எண்ண ஆரம்பித்தார்கள். "மூணு... நாலு... அஞ்சு! முடிஞ்சுது, ஓடு!" ரீலோட் ஆக, அதாவது மறுபடி குண்டு நிரப்ப, மூன்று நொடிக்கு மேல் பிடிக்கும். அதற்குள் மூன்று பேர் அவன் மேல் ஏறிவிட்டார்கள். இரண்டு நாள் இப்படியே செத்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது.

மூன்றாம் நாள் ஒன்று செய்தான். மூன்று குண்டு சுட்டுவிட்டு அமைதியாகிவிட்டான். மவுஸின் மேல் விரல் அப்படியே நிற்கிறது, அழுத்தவில்லை. எதிரே எண்ணிக்கை மூன்றிலேயே நின்றுபோனது. உள்ளே இரண்டு குண்டு இருக்கிறது என்று அவர்களுக்கும் தெரியும். ஒருவனும் வெளியே வரவில்லை. பக்கத்தில் ரைபிளோடு ஒரு கூட்டாளியை நிறுத்தியிருந்தான். அவன் காவல் இருக்க, இவன் சுவருக்குப் பின்னால் போய் ரீலோட் பண்ணிவிட்டு வந்தான். பத்து குண்டு இருந்த காலத்தில் அவனுக்குக் கூட்டாளியே தேவைப்படவில்லை. அன்றைக்குத்தான் அவன் அணியாக விளையாடிப் பார்த்தேன்.

உங்களுக்கும் அதைத்தான் சொல்வேன். பழைய எண்ணில் எத்தனை குண்டு, புதிய எண்ணில் எத்தனை குண்டு, எந்தத் தூரத்தில் அந்தக் கூடுதல் குண்டு தேவைப்படுகிறது என்று பயிற்சி மைதானத்தில் சுட்டுப் பாருங்கள். கிட்டத்தில் தோற்கிற துப்பாக்கி நடுத்தூரத்தில் இன்னும் ஜெயிக்கலாம். அப்படியானால் வீட்டுக்குள் முதல் ஆளாக நுழைவதை விடுங்கள், ஜன்னலைப் பிடியுங்கள். தொடர்ந்து சுடும்போது துப்பாக்கி துள்ளுவதை அடக்கும் விரலையும் காலடிச் சத்தம் பிடிக்கும் காதையும் எந்த அப்டேட்டும் எடுத்துவிட முடியாது, அதனால் உழைப்பு வீண் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மாற்றியதை அறிவிக்காமல் ஒளித்தால் மட்டும் அது அநியாயம்தான்.

கேள்வி: எங்கள் பக்கம் நெட் மெதுவு. பிங் 100ஐத் தொடுகிறது. கிட்டத்துத் துப்பாக்கிகளை பஃப் பண்ணியதிலிருந்து (பலத்தைக் கூட்டியதிலிருந்து) மூலையில் பதுங்கிக் காத்திருந்தாலும் சாகிறேனே?
– வாசகர், மண்டபம்

பதில்: பிங் என்பது உங்கள் கணினியிலிருந்து செய்தி சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம்; 100 என்றால் 0.1 நொடி. மேலே தொண்டித் தம்பிக்குச் சொன்ன கணக்கில் அது ஒரு குண்டு. மூலை திரும்பி வருகிறவன் உங்களைப் பார்த்த பிறகுதான் அவன் உங்கள் திரைக்கு வந்து சேர்கிறான். மெதுவாகக் கொல்லும் துப்பாக்கிகள் இருந்தவரை அந்த ஒரு குண்டு பெரிதாகத் தெரியவில்லை. இப்போது அதுவே உயிர். காத்திருப்பதை விட்டு நீங்களே மூலை திரும்புங்கள்.

கேள்வி: என் மகன் பிளஸ் டூ படிக்கிறான். "துப்பாக்கியைக் கெடுத்துட்டாங்க" என்று சொல்லிவிட்டு இரண்டு நாளாக யாரிடமும் பேசவில்லை. இதில் துக்கப்பட என்ன இருக்கிறது?
– ஒரு தாய், கீழக்கரை

பதில்: துக்கம் உண்மைதான் அம்மா, அதைச் சின்னதாக நினைக்காதீர்கள்.

நம் பாக் நீரிணையில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நாலு நாள் என்று முறை வைத்திருக்கிறார்களே, ஏன்? கடல் ஒன்று, கருவி ஒன்றில்லை. எல்லா நாளும் எல்லோரும் போனால் இழுவை மடி, நாட்டுப்படகுக்காரர் விரித்த வலையை அறுத்துக்கொண்டு போகும். அப்புறம் நாட்டுப்படகில் யார் போவார்கள்? இரண்டு படகு சேர்ந்து ஒரே வலையை இழுக்கும் இரட்டை மடியைத் தடை செய்ததற்கும் காரணம் ஏறக்குறைய இதுதான். பிழைப்பையும் விளையாட்டையும் ஒரே தட்டில் வைக்கவில்லை, கணக்கு ஒன்று என்றுதான் சொல்கிறேன். ஒரு துப்பாக்கி மட்டும் மிஞ்சிப் போனால் எல்லோரும் அதையே எடுப்பார்கள். மற்ற இருபதும் யாரும் தொடாமல் கிடக்கும். அதனால் அதன் பலத்தைக் கொஞ்சம் பிடித்து வைக்கிறார்கள்.

முறை வைப்பது நியாயமே ஆனாலும், அந்த நாளில் படகைக் கட்டிப்போட்டவருக்கு மனசு வலிக்கத்தானே செய்யும்? உங்கள் மகனும் அப்படித்தான் இருக்கிறான். சாப்பிடும்போது "எத்தனை குண்டு கூடிப்போச்சு?" என்று ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள். பேச ஆரம்பித்துவிடுவான்.

கேள்வி: துப்பாக்கியின் பலத்தை மாற்றாமல் விலையை மட்டும் மாற்றினால் ஆட்டம் மாறுமா?
– வாசகர், ஏர்வாடி

பதில்: நன்றாக மாறும். 2018 அக்டோபரில் கவுன்டர் ஸ்ட்ரைக்கில் ஏ.யு.ஜி. ரைபிளின் விலையை 3300லிருந்து 3150 ஆக்கினார்கள். அப்போது எல்லோரும் எடுக்கும் எம்4 ரைபிளின் விலை 3100 (எல்லாம் ஆட்டத்துக்குள் கிடைக்கும் பணம்). இன்னும் 50 போட்டால் ஸ்கோப் (தூரத்தைப் பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடி) வைத்த துப்பாக்கி கிடைக்கும் என்றதும் எல்லோரும் அதற்குத் தாவினார்கள். அது முன்பும் நல்ல துப்பாக்கிதான், எடுத்துப் பார்த்தவர்கள் குறைவு. ஸ்கோப்பை வைத்துக்கொண்டு ஒரே இடத்தில் நின்று பாதையை அடைக்கும் ஆட்டம் பெருகியது. பிறகு விலையைப் பழையபடி 3300க்கே ஏற்றினார்கள், துப்பாக்கியின் பலத்தையும் கொஞ்சம் குறைத்தார்கள்.

கேள்வி: நிஜ விளையாட்டில் இப்படி ஆயுதத்தை மாற்றுவது உண்டா? பையன்கள் தோற்றதற்குச் சொல்லும் சாக்காகத்தான் எனக்குத் தெரிகிறது.
– உடற்கல்வி ஆசிரியர், சாயல்குடி

பதில்: உண்டு சார், உங்கள் துறையிலேயே உண்டு. 1984ல் கிழக்கு ஜெர்மனியின் உவே ஹோன் ஈட்டியை 104.80 மீட்டர் எறிந்தார். இன்னும் கொஞ்சம் போனால் மைதானத்தைத் தாண்டிவிடும் என்ற நிலை. அந்த ஈட்டி மிதந்து போய்ப் படுக்கையாக இறங்கும், முனை முதலில் குத்தியதா என்று சொல்வதும் கஷ்டம். 1986லிருந்து ஆண்கள் ஈட்டியின் எடை மையத்தை 4 செ.மீ. முன்னால் தள்ளினார்கள். முனை சீக்கிரம் கீழே சாய ஆரம்பித்தது. எறிதூரம் சட்டென்று குறைந்தது, உலக சாதனையைப் புதிதாக எண்ணத் தொடங்கினார்கள். பழைய ஈட்டியை நைசாக மிதக்கவிடத் தெரிந்தவர்களைவிட, வேகமும் வலுவும் உள்ளவர்களுக்குப் புதிய ஈட்டி சாதகமானது. அந்த ஈட்டியில்தான் யான் ஜெலெஸ்னி 1996ல் 98.48 மீட்டர் எறிந்தார். 2025ல் தோஹாவில் நம் நீரஜ் சோப்ரா எறிந்த 90.23 மீட்டரும் அந்தப் புதிய கணக்கில்தான். உங்கள் பையன்களிடம் இந்த 4 செ.மீ. கதையைச் சொல்லிவிட்டு, அவர்கள் துப்பாக்கியில் என்ன மாறியது என்று கேட்டுப் பாருங்கள். எண்ணோடு பதில் சொல்கிறவன் சாக்குச் சொல்லவில்லை.