18 வயதில் பேர் வாங்கிய டீன்ஏஜ் நாவலாசிரியர் அப்புறம் என்ன ஆனார்?

கேள்வி: டீன்ஏஜ் பிள்ளைகளுக்காக எழுதும் நாவலாசிரியரின் வாழ்க்கை எப்படி இருக்கும்? சின்ன வயதிலேயே பெரிய பேர் கிடைத்துவிட்டால் பிறகு என்ன ஆகிறார்கள்?

கேள்வியைப் படித்ததும் எஸ். இ. ஹின்டன்தான் ஞாபகத்துக்கு வந்தார். இங்கே அமெரிக்காவில் நிறையப் பள்ளிகளில் ஏழாம், எட்டாம் வகுப்பில் அவருடைய 'தி அவுட்சைடர்ஸ்' நாவலைப் பாடமாக வைக்கிறார்கள். என் மகனுக்கும் வைத்திருந்தார்கள். அவன் படித்து முடித்துவிட்டு என் கையில் கொடுத்தான். அதன் பிறகு ஹின்டனின் மற்ற நாவல்களையும் தேடிப் பிடித்துப் படித்துவிட்டேன். அதனால் அவரை வைத்தே பதில் சொல்கிறேன்.

சூசன் எலோயிஸ் ஹின்டன் 1948இல் ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரில் பிறந்தவர். அவர் படித்த காலத்தில் அந்த ஊர்ப் பிள்ளைகள் கோஷ்டி கோஷ்டியாகப் பிரிந்து கிடந்தார்கள். தலைக்கு எண்ணெய் தடவி வாரிக்கொண்டு திரிந்த இல்லாதப்பட்ட வீட்டுப் பையன்கள் 'கிரீசர்'கள். காரில் வந்து இறங்கிய வசதியான வீட்டுப் பிள்ளைகள் 'சோஷ்'கள். ஹின்டனின் நண்பன் ஒருவன் வீட்டுக்கு நடந்து போகும்போது, கிரீசர் என்ற ஒரே காரணத்துக்காக அவனை அடித்துப் போட்டுவிட்டார்கள். அந்தக் கோபத்தில்தான் எழுத உட்கார்ந்தார். அப்போது அவருக்கு 15 வயது. அந்த வயதுப் பிள்ளைகளுக்கென்று அன்றைக்குக் கிடைத்த கதைகளெல்லாம் குதிரைக் கதைகள், பள்ளி நடன விழாவுக்கு யாருடன் போவது என்கிற மாதிரிக் கதைகள். தான் கண்ணால் பார்க்கும் டல்சா அவற்றில் எங்குமே இல்லை என்பது அவரை ரொம்பவே உறுத்தியிருக்கிறது.

எழுதிக்கொண்டிருந்த அந்த நாட்களில் அவருடைய அப்பாவுக்கு மூளையில் புற்றுநோய். அப்பாவின் உடல்நிலை மோசமாக ஆக, இவர் இன்னும் தீவிரமாக எழுதினார். நாவல் முடிவதற்குள் அப்பா போய்விட்டார். கதையில் வரும் மூன்று சகோதரர்களுக்கும் அப்பா அம்மா கிடையாது, கார் விபத்தில் இறந்துவிட்டார்கள். 20 வயது டாரி இரண்டு தம்பிகளையும் வளர்க்கப் படாதபாடு படுகிறான். அந்த வீட்டுக் காட்சிகளில் இருக்கும் வலி எங்கிருந்து வந்திருக்கும் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கும். அதே வருடம் பள்ளியில் படைப்பெழுத்துப் பாடத்தில் அவருக்குக் கிடைத்தது 'டி' கிரேடு.

பள்ளிப் படிப்பை முடித்த சமயத்தில் வைக்கிங் பதிப்பகத்தின் ஒப்பந்தம் கைக்கு வந்தது. 1967 ஏப்ரலில் புத்தகம் வெளிவந்தபோது வயது 18. பையன்களின் சண்டையை ஒரு பெண் எழுதியிருக்கிறாள் என்று தெரிந்தால் விமர்சகர்கள் ஒதுக்கிவிடுவார்கள் என்று பதிப்பகத்தார் நினைத்தார்கள். அதனால்தான் சூசன் அட்டையில் 'எஸ். இ.' ஆனார்.

நாவலில் ஒரு இடம் சொல்கிறேன். ஒரு கொலை நடந்துவிடுகிறது. டாரியின் கடைசித் தம்பியான 14 வயது போனிபாயும் அவன் நண்பன் ஜானியும் ஊரைவிட்டு ஓடி, பாழடைந்த சர்ச் ஒன்றில் ஒளிந்துகொள்கிறார்கள். போலீஸ் அடையாளம் கண்டுபிடிக்கக் கூடாதே என்று ஜானி கத்தியால் போனிபாயின் முடியை அறுத்தறுத்து வெட்டி, அதன் நிறத்தை வெளுக்கவைக்கிறான். காசில்லாத பையன்கள், பெருமைப்பட்டுக்கொள்ள அவர்களிடம் இருந்தது அந்த முடி ஒன்றுதான். கொலையைப் படித்தபோது அசராத என் மகன் இந்தப் பக்கத்தில் வந்து, "பாவம்மா அவன்" என்றான். பெரியவர்கள் எழுதியிருந்தால் முடி போவதை ஒரு வரியில் தாண்டியிருப்பார்கள்.

சரி, உங்கள் கேள்வியின் இரண்டாவது பாதிக்கு வருகிறேன். பேர் வந்தது, எழுத்து நின்றுபோனது. அடுத்து என்ன என்று உலகமே எதிர்பார்க்கிறது என்ற பயத்தில் மூன்று நான்கு வருடங்கள் அவரால் எதுவுமே எழுத முடியவில்லை. டல்சா பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தார். அப்போது காதலராக இருந்த டேவிட் இன்ஹோஃப் ஒரு நிபந்தனை போட்டார்: தினமும் இரண்டு பக்கம் எழுதினால்தான் சாயங்காலம் வெளியே போகலாம். இரண்டிரண்டு பக்கமாகச் சேர்ந்ததுதான் 1971இல் வந்த இரண்டாவது நாவல். 1970இல் அவரையே கல்யாணமும் செய்துகொண்டார். அப்புறம் 1975இல் 'ரம்பிள் ஃபிஷ்', 1979இல் 'டெக்ஸ்', 1988இல் இன்னொன்று. 21 வருடங்களில் மொத்தமே ஐந்து டீன்ஏஜ் நாவல்கள்! 'அவுட்சைடர்ஸ்' விற்ற விற்பனைக்கு வருடம் ஒரு பாகம் எழுதித் தள்ளியிருக்கலாம். இரண்டாம் பாகம் எழுதவே இல்லை. அவர்மேல் எனக்கு இருக்கும் மரியாதையில் பெரிய பங்கு இதற்குத்தான்.

அந்த முதல் நாவலும் வந்த உடனேயே விற்றுத் தீர்ந்துவிடவில்லை. வகுப்பில் வைத்துச் சொல்லிக்கொடுக்க ஆசிரியர்கள் வாங்க ஆரம்பித்த பிறகுதான் அதன் வாசகர்கள் யார் என்பதே பதிப்பகத்துக்குத் தெரிந்தது. இன்றைக்கு 1 கோடியே 40 லட்சம் பிரதிகளைத் தாண்டிவிட்டது. சினிமாவும் பிள்ளைகளால் வந்ததுதான். 1980இல் கலிஃபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ பக்கத்தில் ஒரு பள்ளி நூலகர், மாணவர்களின் கையெழுத்துகளோடு இயக்குநர் பிரான்சிஸ் ஃபோர்ட் கொப்போலாவுக்குக் கடிதம் போட்டு, கூடவே புத்தகத்தையும் அனுப்பிவைத்தார். கொப்போலா படித்துவிட்டு டல்சாவிலேயே வந்து படமெடுத்தார், 1983இல் வெளியானது. படப்பிடிப்பின் விடுமுறை நாட்களில் கொப்போலாவும் ஹின்டனும் உட்கார்ந்து 'ரம்பிள் ஃபிஷ்' திரைக்கதையையும் எழுதி முடித்துவிட்டார்கள்! இன்னொரு பக்கம், சண்டை, சிகரெட், குடி எல்லாம் இருக்கிறது என்று சொல்லி இதே புத்தகத்தைப் பள்ளிகளிலிருந்து எடுக்கச் சொன்னவர்களும் உண்டு. 2024இல் 'அவுட்சைடர்ஸ்' மேடை இசைநாடகம், அமெரிக்க நாடக உலகின் பெரிய விருதான டோனி விருதே வாங்கிவிட்டது.

1988க்குப் பிறகு டீன்ஏஜ் நாவல் பக்கம் அவர் வரவில்லை. மகன் பிறந்த பிறகு சின்னக் குழந்தைகளுக்கு இரண்டு புத்தகங்கள், 2004இல் பெரியவர்களுக்கு ஒரு நாவல். வாழ்வது இன்றும் டல்சாவில்தான்.

உங்கள் வீட்டில் 13 வயதுப் பிள்ளை இருந்தால் 'அவுட்சைடர்ஸ்' கொடுங்கள், நீங்களும் கூடவே படியுங்கள். பிள்ளைக்கு எழுதும் ஆசையும் இருந்தால் அடுத்து 'டெக்ஸ்'. ஊர் சுற்றப் போன அப்பா பணம் அனுப்பாததால் செலவுக்கு வழியில்லாமல், தம்பி உயிராக நினைக்கும் குதிரையை அண்ணன் விற்றுவிடுகிறான். நாவல் தொடங்குவதே அந்தச் சண்டையில்தான். 15 வயதில் எழுத ஆரம்பித்தவர், 30 வயதில் அதே மாதிரி அம்மா அப்பா இல்லாத வீட்டை, அதே மாதிரி அண்ணன் தம்பியை எப்படி எழுதுகிறார் என்று பாருங்கள். முதல் நாவலில் எல்லோரும் அழுதுவிடுவார்கள். இதில் அண்ணன் அழக்கூட நேரமில்லாமல் இருக்கிறான், வயிற்றுப்புண்ணோடு. எனக்கு இதுதான் அவருடைய ஆகச் சிறந்த நாவல்.