பழைய கர்னல் ஓடும் எம்பெடட் போர்டில் பேக்போர்ட் வைஃபை டிரைவரை நம்பலாமா?

நம்பலாம். பேக்போர்ட் என்பது புதிய லினக்ஸ் கர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதி) உள்ள டிரைவரைப் பழைய கர்னலிலும் ஓடும்படி மாற்றித் தருவது. நான் அப்படி அனுப்பிய போர்டுகள் இன்றும் ஓடுகின்றன.

"கர்னலையே புதுசாக்க வேண்டியதுதானே" என்று யாராவது உடனே வந்து சொல்வார்கள். உங்கள் நிலைமை இப்படித்தான் இருக்கும்: சிப் கம்பெனி கொடுத்த கர்னலில்தான் கேமராவும் டிஸ்ப்ளேயும் வேலை செய்யும், வைஃபை கார்டு மட்டும் புதிது. அங்கே மாட்டிக்கொண்டவரிடம் கர்னலை மாற்றச் சொல்வது பதிலே இல்லை.

எனக்கு வாய்த்தது 2017-இல் வெளிவந்த 4.14 லினக்ஸ் கர்னல். கார்டுக்கு ஏடிஎச்10கே டிரைவர். பேக்போர்ட்ஸ் திட்டத்தின் மூலத்தைக் கிராஸ் கம்பைல் செய்து (என் கணினியில் போர்டுக்காக பில்ட் செய்து), டிரைவரின் மாட்யூல்களை (கர்னலில் தனியாக ஏற்றும் துண்டுகள்) மட்டும் போர்டில் போட்டேன். மாட்யூலை ஏற்றும் இன்ஸ்மாட் கட்டளையை அடித்ததும், சிம்பல் (மாட்யூல்கள் ஒன்றையொன்று அழைக்கும் பெயர்) பதிப்பு ஒத்துவரவில்லை என்று சீரியல் கன்சோலில் வரி வரியாக ஓடியது. எல்லாம் டிரைவருக்குக் கீழே உள்ள பொது வைஃபை அடுக்கான மேக்80211-இன் சிம்பல்கள். டிரைவர் புதிது, அதன் கீழே இருந்த அடுக்கு பழையது. காம்பேட் (பழைய கர்னலோடு ஒத்துப்போக வைக்கும் மாட்யூல்), சிஎஃப்ஜி80211 (வைஃபை அமைப்புகளைக் கையாளும் அடுக்கு), மேக்80211, டிரைவர் நான்கும் ஒரே மூலத்திலிருந்து வந்தாக வேண்டும். ஒன்றைக்கூடப் பழையதோடு கலக்க முடியாது.

சரி, நான்கையும் போடலாம் என்று போர்டில் பழைய சிஎஃப்ஜி80211 மாட்யூலைத் தேடினால் கோப்பே இல்லை. அது கர்னல் இமேஜுக்குள்ளேயே கட்டப்பட்டிருந்தது. உள்ளே கட்டியதை ஓடும்போது கழற்ற முடியாது. கர்னலின் கான்ஃபிகில் 'ஒய்' (உள்ளே கட்டு) என்றிருந்ததை 'எம்' (தனி மாட்யூல்) ஆக்கி, கர்னலை மறுபடி பில்ட் செய்து ஃப்ளாஷ் செய்த பிறகுதான் புது அடுக்கு ஏறியது.

அப்புறம் ஃபர்ம்வேர், அதாவது கார்டுக்குள் ஓடும் மென்பொருள். டிரைவர் புதிய எண்ணுள்ள கோப்பிலிருந்து பழையதுக்கு இறங்கி இறங்கித் தேடும். முதல் கோப்பு இல்லை என்று மைனஸ் 2 பிழை வந்ததைப் பார்த்து அரை நாள் அதன் பின்னால் போனேன். அந்த வரியால் கெடுதல் எதுவும் இல்லை. உண்மையில் இல்லாமல் போனது போர்டு டேட்டா கோப்பு (அந்தக் கார்டின் ரேடியோ அமைப்புகள் உள்ள கோப்பு).

இதைச் சொல்லாமல் விட முடியவில்லை. அந்தக் கர்னல் எங்களுக்கு வந்தது ஒரே டார் கோப்பாக (சுருட்டிக் கட்டிய தொகுப்பு), யார் எப்போது எதை மாற்றினார் என்று காட்டும் கிட் வரலாறு இல்லாமல். அந்த 'ஒய்'யை யார் வைத்தார்கள், ஏன் வைத்தார்கள் என்று கேட்க வழியில்லை. மாற்றினால் வேறு எது உடையும் என்று பயந்துகொண்டே மாற்றினேன். மூலத்தைக் கொடுப்பவர்கள் வரலாற்றையும் சேர்த்துக் கொடுத்தால் எத்தனை பேரின் எத்தனை இரவுகள் மிஞ்சும்!

பாதுகாப்பு பற்றிக் கேட்பவர்களுக்கு: கர்னலின் மற்ற ஓட்டைகளை பேக்போர்ட்ஸ் அடைக்காது, தெரியும். ஆனால் 2021-இல் வெளியான ஃபிராக்அட்டாக்ஸ் என்ற வைஃபை ஓட்டைகளுக்கான திருத்தங்களில் பல மேக்80211-க்குள் இருப்பவை. பேக்போர்ட்ஸ் மூலம் அதற்குப் பிந்தையதாக இருந்தால் அவை புது அடுக்கோடு வந்துவிடும். பழையதை அப்படியே விட்டுவைப்பதைவிட இது மேல்.

நீங்கள் முதலில் போர்டின் ப்ராக் அடைவில் கான்ஃபிக் ஜிசட் கோப்பு இருந்தால் அதைத் திறந்து சிஎஃப்ஜி80211 எப்படி இருக்கிறது என்று பாருங்கள். பழைய வயர்லெஸ் மாட்யூல்களை ரூட் ஃபைல்சிஸ்டத்திலிருந்து அழித்துவிட்டு டெப்மாட் (மாட்யூல் பட்டியலைப் புதுப்பிக்கும் கட்டளை) ஓட்டுங்கள். பூட் ஆனதும் டிமெசேஜில் (கர்னல் எழுதும் செய்திகள்), எந்த லினக்ஸ் பதிப்பிலிருந்து பேக்போர்ட் செய்தது என்று காம்பேட் எழுதும் வரி வர வேண்டும். அது வராவிட்டால் ஓடுவது பழையதுதான்.