ஸ்பானிய வகுப்பு முடிந்தும் பயம் போகலையா?

வணக்கம் தங்கச்சி. ஸ்பானியத்தில் ஏ2 என்ற அடிப்படை நிலையை முடித்தும், பெருவுக்குத் தனியாகப் போனால் பேச வாய் வருமா என்று கேட்டிருந்தீங்க. வரும்மா, கவலைப்படாதீங்க. உச்சரிப்பில் ஒன்றை மட்டும் கவனிங்க. 'பெரோ' என்றால் 'ஆனால்'. அதுக்கு நம்ம ரகரமே போதும். நாக்கை உருட்டி 'பெர்ரோ' என்றால் நாய். எம்ஆர்டி ரயிலுக்குக் காத்திருக்கும்போது முணுமுணுத்துப் பழகுங்க.

சைவம் என்று எழுதியிருந்தீங்க. 'சின் கார்னே' (இறைச்சி இல்லாமல்) மட்டும் சொல்லி நிறுத்தாதீங்க. அப்படித்தான் எனக்கு வந்த சூப்பில் கோழித்துண்டு கிடந்தது. பசியோடு எழுந்து வந்தேன். கோழியை அங்கே பலர் 'கார்னே' கணக்கில் சேர்ப்பதில்லை. 'சின் போயோ, சின் பெஸ்காதோ' என்று கோழி, மீனையும் சொல்லிடுங்க.

மொழியைவிட எனக்குக் கவலை பெருவின் மலை நகரமான குஸ்கோதான். சுமார் 3,400 மீட்டர் உயரம். நம்ம சிங்கப்பூரின் புக்கித் தீமா குன்றே 163 மீட்டர்தான். அந்த உயரம் உடம்புக்குப் பழக, முதல் 2 நாள் அலையாம ஓய்வெடுங்க. போகுமுன் மருத்துவரையும் பாருங்க.