சூப்பர்ஹீரோ படங்கள்: எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சூப்பர்ஹீரோ படங்களையே பார்த்திராத இரண்டு நண்பர்களுக்கு, அந்த வகையின் முக்கியமான படங்கள் ஏழெட்டை வரிசையாகத் திரையிட்டுக் காட்ட எங்கள் குழு முடிவு செய்திருக்கிறது. பட்டியல் போட உட்கார்ந்ததும் சண்டை வந்துவிட்டது. ஒரு தரப்பு உலக வசூலை அளவுகோலாக வைக்கச் சொல்கிறது; அதன்படி 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' முதலில் நிற்கிறது. மறுதரப்பு விமர்சகர்கள் கொண்டாடிய படங்கள் மட்டும் போதும் என்கிறது. நான் 'பிளேடு' என்றபோது இரண்டு தரப்பும் சேர்ந்து சிரித்தன. ஒரு படத்தை முக்கியமானது என்று எதை வைத்துச் சொல்வது? உங்கள் பட்டியல் என்ன?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஒரு படத்துக்காக எத்தனை பேர் காத்திருந்தார்கள் என்பதை வசூல் சொல்லும். அது எவ்வளவு நன்றாக எடுக்கப்பட்டது என்பதை விமர்சனம் சொல்லும். நீங்கள் அறிமுகம் செய்ய நினைப்பதோ ஒரு வகையை. ஆகவே ஒவ்வொரு படத்திடமும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான் என்று நினைக்கிறேன்: இது வராமலே போயிருந்தால், அடுத்து வந்த படங்கள் வேறு விதமாக இருந்திருக்குமா? இந்தச் சோதனையில் எனக்கு மிகப் பிடித்த 'ஸ்பைடர்மேன் 2', 'லோகன்' இரண்டுமே தேறவில்லை. வருத்தம்தான், ஆனாலும் சோதனையை மாற்றிக்கொள்ளப் போவதில்லை.

தொடக்கம் ரிச்சர்ட் டானர் இயக்கிய 'சூப்பர்மேன்' (1978). அதற்கு முன்பும் இத்தகைய நாயகர்கள் திரையில் உண்டு. 1940களில் வாரம் ஓர் அத்தியாயமாகத் திரையரங்குகளில் ஓடிய தொடர்படங்களில் வந்தார்கள். 1966இல் தொடங்கிய பேட்மேன் தொலைக்காட்சித் தொடரில் தங்களைத் தாங்களே கேலி செய்துகொண்டார்கள். டானரின் கைக்கு வந்த திரைக்கதையிலும் கேலி மிகுந்திருந்தது. அவர் அதை டாம் மன்கிவிச்சைக் கொண்டு திருத்தி எழுத வைத்தார். நாயகன் நீலச் சட்டையும் சிவப்பு மேலங்கியுமாகத் தோன்ற ஏறத்தாழ முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார். அதற்குள் அவனுடைய கிரகம், தகப்பன், வளர்ந்த வயல்வெளி எல்லாம் நமக்குப் பழகிவிடுவதால், அவன் பறக்கும்போது சிரிப்பு வருவதில்லை. கிறிஸ்டோபர் நோலன் தன் 'பேட்மேன் பிகின்ஸ்' (2005) படத்துக்கு இதைத்தான் முன்மாதிரியாகக் குறிப்பிட்டிருக்கிறார்.

அந்தப் படத்தில் உங்கள் நண்பர்கள் தவறவிடக் கூடாத இடம் பறக்கும் காட்சி அல்ல. காதலி லோயிஸ் லேன் அடுத்த அறையில் இருக்கும் சில நொடிகளில், சூப்பர்மேன் சாதாரண மனிதனாக வேடமிட்டு வாழும் கிளார்க் கென்ட் தன் உண்மையைச் சொல்லிவிடத் துணிகிறான். கண்ணாடியைக் கழற்றுகிறான்; கூனியிருந்த முதுகு நிமிர்கிறது, தோள் விரிகிறது, குரல் கனக்கிறது. மறுகணம் துணிவு போய்விட, கண்ணாடி மீண்டும் ஏறி, உடல் பழையபடி சுருங்கிக்கொள்கிறது. ஒரு கண்ணாடியைப் போட்டால் யாருக்கும் அடையாளம் தெரியாதா என்று காலங்காலமாகக் கேட்கப்பட்ட கேள்விக்கு, சூப்பர்மேனாக நடித்த கிறிஸ்டோபர் ரீவ் எந்தத் தந்திரக் காட்சியின் துணையும் இல்லாமல் தன் உடலாலேயே பதில் சொல்லிவிட்டார்.

டிம் பர்ட்டனின் 'பேட்மேன்' (1989) பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நாயகனுக்கு ஏற்ற நகரத்தையே கட்டி எழுப்ப வேண்டும் என்பதை அது காட்டியது. ஆன்டன் ஃபர்ஸ்ட்டின் கலை இயக்கத்துக்கு ஆஸ்கர் கிடைத்தது. அதன் வழியில் வந்த 'பேட்மேன் அண்ட் ராபின்' (1997) அதே நகரத்தை நியான் விளக்குக் கூத்தாக்கிக் கெடுத்தது.

இனி உங்கள் நண்பர்கள் சிரித்த படம். காமிக்ஸ் வெளியிடும் மார்வெல் நிறுவனம் 1996இன் இறுதியில் திவால் மனு கொடுத்தது. அடுத்த ஆண்டு மேற்சொன்ன பேட்மேன் படம் தோற்றது. இனி இந்த வகையில் யார் பணம் போடுவார்கள் என்ற நிலையில், 1998இல், காமிக்ஸ் வாசகர்களுக்கு வெளியே எவருக்கும் தெரியாத ஒரு ரத்தக்காட்டேரி வேட்டைக்காரனை வைத்து 'பிளேடு' வந்தது; ஏறத்தாழ நான்கரைக் கோடி டாலர் செலவில் எடுக்கப்பட்டு அதைப் போல் மும்மடங்குக்கு நெருக்கமாக ஈட்டியது. மார்வெல் பாத்திரம் ஒன்று பெரிய திரையில் பணம் தந்தது அதுதான் முதல் முறை. பளபளக்கும் வண்ண உடையைக் கைவிட்டுக் கறுப்புத் தோல் உடையை அது தேர்ந்தெடுத்தது. இரண்டாண்டு கழித்து வந்த 'எக்ஸ்மென்' படத்தின் நாயகர்களும் கறுப்புத் தோலையே அணிந்தார்கள், பழைய மஞ்சள் உடையைப் பற்றி அதில் ஒரு கிண்டல் வசனமே உண்டு. நாயகனாக நடித்த வெஸ்லி ஸ்னைப்ஸ் அதற்கு முன் 'பிளாக் பாந்தர்' படத்தை எடுக்கப் பல ஆண்டுகள் முயன்று முடியாமல் போனவர் என்பதையும் அவர்களுக்குச் சொல்லுங்கள். படத்தின் இறுதிச் சண்டையில் வரும் கணினி வரைகலை இன்று பார்க்கச் சகிக்காது; அந்த இடத்தில் அவர்கள் சிரித்தால் தடுக்க வேண்டாம்.

சாம் ரெய்மியின் 'ஸ்பைடர்மேன்' (2002) அமெரிக்காவில் முதல் வார இறுதியிலேயே பத்துக் கோடி டாலரைத் தாண்டிய முதல் படம். உங்கள் வசூல் தரப்பு நண்பர்கள் இங்கே வெல்கிறார்கள்; ஏனென்றால் இந்த வசூலுக்கு விளைவு இருந்தது. மார்வெல் தன் நெருக்கடிக் காலத்தில் ஸ்பைடர்மேனின் திரைப்பட உரிமையை சோனி படநிறுவனத்துக்குக் கொடுத்திருந்தது, எக்ஸ்மென் உரிமை ஃபாக்ஸ் படநிறுவனத்திடம் இருந்தது. தன் பாத்திரங்கள் பிறருக்குப் பொன்னாய்க் கொட்டுவதைப் பார்த்த மார்வெல், மிச்சமிருந்த பாத்திரங்களின் திரை உரிமையை அடமானமாக வைத்து, மெரில் லிஞ்ச் என்ற நிதி நிறுவனம் வழியாக 52.5 கோடி டாலர் கடனுக்கு ஏற்பாடு செய்துகொண்டு சொந்தமாகப் படமெடுக்கத் துணிந்தது. அப்படி வந்த முதல் படம் 'அயன்மேன்' (2008).

அந்தப் படத்தின் முடிவில் டோனி ஸ்டார்க் செய்தியாளர்கள் முன் நின்று, தானே அயன்மேன் என்று அறிவித்துவிடுகிறான். கிளார்க் கென்ட் சொல்லத் துணிந்து விழுங்கிய வார்த்தை அது. ரகசிய அடையாளம் என்ற தூண் அன்று சரிந்தது. அடுத்து வந்த மார்வெல் படங்களில் பெரும்பாலானவற்றுக்கு அது தேவையே படவில்லை. நாயகன் ரகசியத்தால் துன்புறுபவன் என்ற நிலை போய், புகழோடு வாழ்பவன் ஆனான். பெயர்களெல்லாம் ஓடி முடிந்தபின் சாமுவேல் எல். ஜாக்சன் வந்து நின்று அடுத்த கதைக்கு அடிபோடும் சிறு காட்சியோ, எந்தப் படமும் தன்னளவில் முடிய வேண்டியதில்லை என்ற பழக்கத்தைத் தொடங்கிவைத்தது. அந்தப் பழக்கத்தை நான் வெறுக்கிறேன். ஆனால் ஒரு படம் தன் வகைக்குத் தீங்கு செய்தும் முக்கியமானதாக இருக்கலாம்.

அதே கோடையில் வந்தது நோலனின் அடுத்த பேட்மேன் படமான 'தி டார்க் நைட்'. அதில் வில்லன் ஜோக்கராக நடித்த ஹீத் லெட்ஜருக்கு மறைவுக்குப் பின் ஆஸ்கர் கிடைத்தது. படமோ சிறந்த படத்துக்கான பரிந்துரையில் விடுபட, எழுந்த முணுமுணுப்புக்குப் பின் அகாதெமி அந்தப் பட்டியலை ஐந்திலிருந்து பத்தாக விரித்தது. இதைச் சேர்க்கலாம், தயக்கத்தோடு. பின்வந்தவர்கள் அதிலிருந்து எடுத்துக்கொண்டது பெரும்பாலும் அதன் இருட்டை மட்டுமே. மிகப் பெரிய திரைக்கான ஐமேக்ஸ் கேமராவை முக்கியக் காட்சிகளுக்குப் பயன்படுத்திய துணிவு அதைவிட நல்ல சொத்து.

'எண்ட்கேம்' வேண்டாம். ஒன்றோடொன்று பிணைந்த மார்வெல் படங்களின் வரிசையில் அது இருபத்திரண்டாவது. முந்தைய இருபத்தொன்றோடு பழகியவர்களுக்கான அறுவடை விழா. உங்கள் நண்பர்கள் இருவருக்கும் அதில் யார் இறந்தாலும் ஒன்றும் ஆகாது. அந்த இடத்தில் 'தி அவெஞ்சர்ஸ்' (2012) படத்தை வையுங்கள். தனித்தனிப் படங்களின் நாயகர்களை ஒரே கதைக்குள் சண்டையிடவும் பேசவும் வைக்க முடியும் என்பதை நிறுவியது அதுதான். அதைப் பார்த்து மற்ற நிறுவனங்கள் அவசரமாகத் தொடங்கிய இத்தகைய கூட்டுக் கதை 'பிரபஞ்சங்கள்' பல பாதியில் நின்றுபோயின.

'பிளாக் பாந்தர்' (2018) ஆஸ்கரில் சிறந்த படத்துக்குப் பரிந்துரைக்கப்பட்ட முதல் சூப்பர்ஹீரோ படம். அதைச் சேர்க்க எனக்கு அதைவிட வலுவான காரணம் அதன் வில்லன். இவ்வளவு வளம் இருந்தும் உலகெங்கும் ஒடுக்கப்பட்ட கறுப்பின மக்களுக்கு நாயகனின் நாடு ஏன் உதவவில்லை என்று வில்லன் கில்மாங்கர் எழுப்பும் கேள்வி நியாயமானது. நாயகன் அவனை வென்றபின் அந்தக் கேள்வியை ஏற்றுத் தன் நாட்டின் கொள்கையையே மாற்றுகிறான்.

அதே ஆண்டின் 'ஸ்பைடர்மேன்: இன்டு தி ஸ்பைடர்வெர்ஸ்' எல்லாவற்றையும்விடத் துணிச்சலானது. வழுவழுப்பான கணினி அனிமேஷனை விட்டுவிட்டு, அச்சிட்ட காமிக்ஸின் புள்ளிகளையும் கோடுகளையும் திரைக்குக் கொண்டுவந்தது. காட்டில் புதிய ஸ்பைடர்மேனான சிறுவன் மைல்ஸும் பழைய ஸ்பைடர்மேனான பீட்டரும் சேர்ந்து தாவும் காட்சியைக் கவனியுங்கள்: அனுபவசாலியான பீட்டரின் அசைவு விநாடிக்கு 24 படங்களாக ஓட, மைல்ஸின் அசைவு 12 மட்டுமே, பையனுக்கு வித்தை இன்னும் கைவரவில்லை என்பதை ஒரு வசனமும் இல்லாமல் கண் உணர்ந்துகொள்கிறது. 'புஸ் இன் பூட்ஸ்: தி லாஸ்ட் விஷ்' (2022) போலச் சூப்பர்ஹீரோவோடு தொடர்பே இல்லாத அனிமேஷன் படங்களும் பின்னர் இந்தத் திசையில் திரும்பின.

கணக்கிட்டால் ஒன்பது வருகிறது, உங்களுக்கு ஏழெட்டுதான் வேண்டும். 1989இன் 'பேட்மேன்' படத்தை முதலில் எடுத்துவிடுங்கள். இன்னொன்றையும் எடுக்க நேர்ந்தால் அது 'தி டார்க் நைட்' ஆகட்டும். அதை அவர்கள் எப்படியும் தாங்களாகவே தேடிப் பார்த்துவிடுவார்கள். 'சூப்பர்மேன்', 'அயன்மேன்' இரண்டுக்கும் நடுவில் மட்டும் நீண்ட இடைவெளி விடாதீர்கள்.