கோப்பைத் தொட்ட ப்ராசஸ் எது? சேலம் பயனர்களின் கேள்விகளும் பதில்களும்

ஃபேர்லேண்ட்ஸ் நிரலாளர்: லினக்ஸ் சர்வரில் ஐநோட்டிஃபை என்ற கோப்புக் கண்காணிப்பு வசதி வழியாக ஒரு ஃபோல்டரைக் கண்காணிக்கிறேன். கோப்பு மாறியது தெரிகிறது. மாற்றிய ப்ராசஸின் (ஓடிக்கொண்டிருக்கும் நிரலின்) எண் எங்கே கிடைக்கும்?

பதில்: ஐநோட்டிஃபை தரும் தகவலில் அதற்கு இடமே ஒதுக்கப்படவில்லை. எந்தக் கண்காணிப்பு, என்ன நிகழ்வு, பெயர்மாற்றத்தின் இரு பாதிகளை (பழைய பெயர், புதிய பெயர்) இணைக்கும் எண், கோப்பின் பெயர், அதன் நீளம் ஆகியவற்றோடு அது முடிந்துவிடுகிறது. தகவல் வந்தவுடன், திறந்திருக்கும் கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ்ஓஎஃப் கட்டளையை ஓட்டிப் பார்க்கலாம் என்று பலரும் எண்ணுகிறார்கள். நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. எழுதிய ப்ராசஸ் அதற்குள் கோப்பை மூடியிருக்கும், அந்த நேரத்தில் சும்மா படித்துக்கொண்டிருந்த வேறொன்றின் மீது பழி விழும்.

உங்களுக்குத் தேவையானது லினக்ஸின் மற்றொரு கண்காணிப்பு வசதியான ஃபேநோட்டிஃபை. அதன் ஒவ்வொரு நிகழ்விலும் ப்ராசஸ் எண் சேர்ந்தே வருகிறது. ஆனால் கோப்பு உருவாக்கம், நீக்கம், இடமாற்றம் ஆகியவற்றை அது லினக்ஸின் மையப்பகுதியான கர்னலின் 5.1 பதிப்பு முதல்தான் தெரிவிக்கிறது. கர்னல் 5.13 முதல் நிர்வாக உரிமை இல்லாதவரும் ஓரளவு பயன்படுத்தலாம் என்றாலும், பிறருடைய ப்ராசஸ் எண் அவர்களுக்குப் பூஜ்யமாகவே காட்டப்படும். நொடியில் முடிந்துபோகும் ப்ராசஸின் எண் வேறொன்றுக்கு மறுபடி வழங்கப்படக்கூடும் என்பதால், அதே ப்ராசஸைத்தான் குறிக்கிறது என்று உறுதிசெய்ய உதவும், 5.15 முதல் கிடைக்கும் பிட்எஃப்டி வசதியையும் கேட்டுப் பெறுவது நல்லது.

ஓமலூர் மாணவர்: என் நிரலில் பல த்ரெட்கள் (ஒரே ப்ராசஸுக்குள் இணையாக ஓடும் பகுதிகள்) உள்ளன. எது எழுதியது என்று அறிய முடியுமா?

பதில்: முடியும். கர்னல் 4.20 முதல், தொடக்கத்திலேயே கேட்டுக்கொண்டால் ஃபேநோட்டிஃபை ப்ராசஸ் எண்ணுக்குப் பதில் த்ரெட் எண்ணைத் தருகிறது. த்ரெட்களுக்குப் பெயரும் சூட்டிவிடுங்கள்; லினக்ஸில் 15 பைட் வரை அனுமதி உண்டு. ஆனால் வேலைகளைப் பகிர்ந்து செய்யும் த்ரெட்களின் தொகுப்பான த்ரெட் பூல் வைத்திருந்தால், எழுதிய த்ரெட் ஒன்றாகவும் எழுதச் சொன்ன இடம் வேறாகவும் இருக்கும். அதை உங்கள் நிரலின் சொந்தப் பதிவேடுதான் சொல்ல முடியும், கர்னல் சொல்லாது.

ஏற்காடு காபி எஸ்டேட் அலுவலர்: மழையளவு பதியும் கோப்பு இரவில் அழிந்துவிடுகிறது. நிரல் எழுதத் தெரியாத நான் லினக்ஸ் கணினியில் என்ன செய்வது?

பதில்: கோப்புகளில் யார் என்ன செய்தார் என்று பதிவுசெய்யும் ஆடிட் சேவையை இயக்குங்கள், உங்களைப் போன்ற சூழலில் என் முதல் தேர்வு எப்போதும் அதுவே. ஆடிட்சிடிஎல் கட்டளையில் ஃபோல்டரின் பாதையையும், எழுதுதல், பண்புமாற்றம் ஆகிய அனுமதிகளையும், ஓர் அடையாளச் சொல்லையும் கொடுத்துவிட்டு, காலையில் அதே சொல்லை ஏயுசர்ச் கட்டளையில் தேடினால், நிரலின் பாதை, ப்ராசஸ் எண், தாய் ப்ராசஸ் எண், முதலில் உள்நுழைந்த பயனர் ஆகிய அனைத்தும் கிடைக்கும். நிரல் என்ற இடத்தில் வெறும் ஆர்எம் (கோப்பை நீக்கும் கட்டளை) என்று இருந்தால் ஏமாற வேண்டாம். அதை ஏவிய தாய் ப்ராசஸைத் தேடுங்கள், இரவு வேலை என்பதால், குறித்த நேரத்தில் நிரல்களைத் தானாக ஓட்டும் கிரான் அட்டவணையையும் பாருங்கள். கட்டளையில் கொடுத்த விதி, மலையில் மின்சாரம் போய்க் கணினி மறுபடி தொடங்கினால் மறைந்துவிடும். எனவே அதை விதிக்கோப்பிலேயே எழுதி வையுங்கள்.

செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசுப் பட்டறை மேலாளர்: விண்டோஸ் சர்வரில் பொதுவாகப் பகிர்ந்த பில் கோப்பு மாறுகிறது. ப்ராசஸ் மானிட்டர் என்ற கண்காணிப்புக் கருவி ‘சிஸ்டம்’, எண் 4 என்று மட்டும் காட்டுகிறது. இது வைரஸா?

பதில்: அந்தப் பெயரை மட்டும் வைத்து வைரஸ் என்று அஞ்ச வேண்டியதில்லை. வலையமைப்பு வழியாக வேறு கணினி எழுதும்போது, சர்வரில் அந்த வேலையைச் செய்வது கர்னலே என்பதால் அப்பெயர் வருகிறது. தேக்கிவைத்துப் பிறகு வட்டில் எழுதும் வேலையும் அதே பெயரில் வரும். சர்வரில் விரிவான பகிர்வுத் தணிக்கையை இயக்கினால், 5145 என்ற நிகழ்வில் பயனர் பெயரும் வந்த கணினியின் முகவரியும் பதிவாகும். அந்தக் கணினியில் ப்ராசஸ் மானிட்டரை ஓட்டினால்தான் உண்மையான நிரலின் பெயர் தெரியும்.

சூரமங்கலம் வாசகர்: வலையமைப்பு வழியாகப் பகிரப்படும் என்எஃப்எஸ் ஃபோல்டரில் ஃபேநோட்டிஃபை மௌனமாக இருக்கிறதே?

பதில்: வேறு கணினி செய்த மாற்றம் உங்கள் கர்னல் வழியாகச் செல்வதில்லை. எழுதும் கணினியிலேயே கண்காணிப்பை வையுங்கள். கோப்பை நினைவகத்தில் பொருத்தி எழுதும் எம்மேப் மூலம் எழுதப்படுவதை அங்கும் ஃபேநோட்டிஃபை தெரிவிக்காது.