பாதி வழியில் திரும்புவது – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

அலாஸ்கா பயணம் பற்றி நீங்கள் எழுதிய தொடரைப் படித்தேன். டால்கீட்னா ஊரின் சிறு விமானங்களைப் பற்றிய பகுதியை என் மகன்தான் எனக்குப் படித்துக் காட்டினான். அவனுக்கு 23 வயது. பைலட் லைசென்ஸ் வாங்கிவிட்டான். பெரிய விமானக் கம்பெனி வேலை வேண்டாமாம். ரோடே போகாத மலை ஊர்களுக்குச் சின்ன விமானம் ஓட்ட வேண்டுமாம். ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் போனை எடுத்து வந்து வீடியோ காட்டுகிறான். மலைச் சரிவில், ஆற்று மணலில், பனியில் எல்லாம் இறக்குகிறார்கள். எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

அந்த விமானிகளுக்குள் இருக்கும் ஒட்டுதலை வேறு எங்கும் பார்க்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். இது வீரமா, அல்லது உயிரைத் துச்சமாக நினைப்பதா? அந்த ஒட்டுதல் ஒருவரைச் சாகாமல் காப்பாற்றுமா, அல்லது செத்த பிறகு தேடிப் போவதற்கு மட்டும்தானா?

பெயர் வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகி, கோவை

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்வி இரண்டு நாளாக என்னை விடவில்லை. ஏனென்றால் அலாஸ்கா விமானிகளின் பெருமைக்குரிய பழைய கதையே அப்படித் தேடிப் போன கதைதான். அதைச் சொல்லிவிட்டு உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

கார்ல் பென் ஐல்சன் அலாஸ்காவின் ஃபேர்பாங்க்ஸ் ஊருக்குப் பள்ளி ஆசிரியராக வந்தவர். 1924 பிப்ரவரியில் அங்கிருந்து மெக்ராத் என்ற ஊருக்கு முதன்முதலாக விமானத்தில் தபால் கொண்டுபோனார். நாய் வண்டியில் வாரக்கணக்கில் போகிற வழி அது. 1929 கடைசியில், சைபீரியக் கரையோரம் உறைந்த கடலில் நானுக் என்ற கப்பல் மாட்டிக்கொண்டது. அதிலிருந்த ஆட்களையும் ரோமத்தோல் மூட்டைகளையும் கொண்டுவரும் வேலையை ஐல்சன் எடுத்தார். முதல் நடை நல்லபடியாக முடிந்தது. நவம்பர் 9ஆம் தேதி இரண்டாம் நடைக்கு மெக்கானிக் ஏர்ல் போர்லண்டோடு கிளம்பினார். போய்ச் சேரவில்லை.

அப்புறம் நடந்தது இது. அந்த வட்டாரத்தில் நாளுக்குச் சில மணி நேரம்தான் வெளிச்சம். அந்த வெளிச்சத்தில், திறந்த காக்பிட் கொண்ட விமானங்களில், ஜோ கிராஸனும் ஹெரால்ட் கில்லமும் கடலைத் தாண்டித் தேடப் போனார்கள். கில்லம் அப்போது புது ஆள், பறந்த அனுபவம் சொற்பம். கனடாவிலிருந்து விமானிகள் வந்தார்கள். சோவியத் விமானி ஸ்லெப்னியோவும் தேடினார். 1930 ஜனவரி இறுதியில் பனிவெளியில் விழுந்திருந்த ஒரு வினோதமான நிழலைக் கிராஸன் பார்த்தார். உடைந்த இறக்கையின் நிழல் அது. தன் விமானத்தை இறக்கிவிட்டு நடந்து போய்ப் பார்த்தால் ஐல்சனின் விமானம். இன்ஜின் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தபோதே தரையில் மோதியிருக்கிறது. உயரம் காட்டும் கருவி பொய் சொல்லியிருக்க வேண்டும் என்பது அவர்கள் முடிவு. உடல்களை எடுக்க இன்னும் சில வாரம் பனியைத் தோண்ட வேண்டியிருந்தது. தோண்டியவர்களில் சோவியத் மாலுமிகளும் உண்டு. சோவியத் அரசை அமெரிக்கா இன்னும் அங்கீகரிக்காத காலம். ஸ்லெப்னியோவ் உடல்களோடு அலாஸ்கா வரை வந்தார்.

அன்று தேடிப் போன அதே கில்லம் பின்னால் அலாஸ்காவே பேசும் விமானி ஆனார். மற்றவர்கள் தரையில் உட்கார்ந்திருக்கும் நாளில் அவர் கிளம்புவார். "கில்லம் வானிலை" என்றே ஒரு சொல் உண்டானது. வேறு யாரும் பறக்கத் துணியாத வானிலை என்று அர்த்தம். 1943 ஜனவரியில், அப்படிப்பட்ட ஒரு நாளில், ஐந்து பயணிகளோடு கெச்சிகன் பக்கத்து மலையில் மோதினார். பயணிகளில் ஒரு பெண் காயத்தோடு இறந்தார். உதவி தேடித் தனியாக நடந்து போன கில்லம் கடற்கரையில் பிணமாகக் கிடைத்தார். மீதி நால்வர் கிட்டத்தட்ட ஒரு மாதம் கழித்து மீட்கப்பட்டார்கள்.

இந்த இரண்டு கதையையும் சேர்த்துத்தான் நான் யோசிக்கிறேன், சகோதரி. ஊரே கொண்டாடியது கில்லம் பாதி வழியில் திரும்பாமல் போன இடத்துக்குப் போய் இறங்கிய நாட்களை. "இன்று வேண்டாம் கில்லம்" என்று யாராவது சொல்லியிருந்தாலும், அந்தப் பெயரைச் சுமந்த ஒருவர் அதை எப்படிக் கேட்டிருக்க முடியும்? கூட்டாளிகள் வைத்த பேரே அவரை அந்த மலைக்குள் தள்ளியது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இதை நான் அவரைக் குறை சொல்லி எழுதவில்லை. அவருக்காக மனம் கஷ்டப்படுகிறது.

1980இல் அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் அலாஸ்காவின் ஏர் டாக்ஸி, அதாவது வாடகைச் சிறு விமான, விபத்துகளை ஆராய்ந்து ஓர் அறிக்கை தந்தது. அதில் "புஷ் சிண்ட்ரோம்" என்று ஒன்றைக் காரணமாகக் குறித்தார்கள். புஷ் என்றால் ரோடு எட்டாத பகுதி. பயணி அவசரப்படுத்துகிறார், முதலாளி எதிர்பார்க்கிறார், நமக்கே ஒரு பேர் இருக்கிறது, அதனால் வானம் சரியில்லை என்று தெரிந்தும் போய்ப் பார்ப்போம் என்று கிளம்புவது. அதை ஒரு நோயின் பெயரில் அழைத்தது சரி என்றே நினைக்கிறேன்.

இப்போது டால்கீட்னாவுக்கு வருகிறேன். தொடரில் நான் எழுதாமல் விட்ட ஒரு நாள் இருக்கிறது. எழுத என்ன இருக்கிறது, போகவில்லையே என்று விட்டுவிட்டேன். உங்கள் கடிதம் வந்த பிறகுதான் அதையே முதலில் எழுதியிருக்க வேண்டும் என்று புரிந்தது.

வட அமெரிக்காவிலேயே உயரமான டெனாலி சிகரம் 6,190 மீட்டர். ஏறுகிறவர்கள் டால்கீட்னாவிலிருந்து ஸ்கீ பூட்டிய விமானத்தில் கஹில்ட்னா பனியாற்றில் போய் இறங்குகிறார்கள். ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்தில் பனிச் சரிவுதான் ரன்வே. சரிவில் மேல்நோக்கி ஓடும்படி தரையிறங்கி, கீழ்நோக்கி ஓடிக் கிளம்ப வேண்டும். புதுப்பனி விழுந்தால் மலையேறிகளே வரிசையாக நின்று காலால் மிதித்துக் கெட்டிப்படுத்துவார்கள். என்னைப் போன்றவர்கள் சும்மா பார்த்துவிட்டு வரவும் கூட்டிப் போவார்கள்.

எங்கள் விமானி முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு பெண். கிளம்பும் முன் ஒவ்வொருவரிடமும் எடை கேட்டார். நான் குறைத்துச் சொன்னேனா என்று சந்தேகப்பட்டவர் மாதிரி பையையும் தராசில் வைத்தார். பள்ளத்தாக்குக்குள் நுழைந்ததும் வலது பக்கப் பாறையை ஒட்டி ஓட்டினார். கை நீட்டினால் தொடலாம் போல இருந்தது. காட்சி காட்டத்தான் இவ்வளவு பக்கத்தில் போகிறார் என்று நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நடுவில் பறந்தால் திரும்புவதற்குப் பள்ளத்தாக்கில் பாதி அகலம்தான் மிச்சம் இருக்கும். ஓரமாகப் போனால் முழு அகலமும் கையில் இருக்கும்.

உள்ளே போகப் போகத் தரை ஏறிக்கொண்டே வந்தது. அந்த உயரத்தில் காற்று மெலிந்து இன்ஜினுக்கும் இறக்கைக்கும் பலம் குறையும். விமானம் ஏறுவதைவிட வேகமாகத் தரை ஏறும் இடமும் உண்டு. அங்கே சிக்கினால் திரும்பவும் இடம் இருக்காது. கணவாயைத் தாண்டும் காற்று மறுபக்கம் அருவி மாதிரி கீழே விழும். அதில் மாட்டினால் இன்ஜினை எவ்வளவு முறுக்கினாலும் விமானம் இறங்கிக்கொண்டே இருக்கும். அதனால் முகட்டை நேராகத் தாண்டாமல் சாய்வாக அணுகுவார்கள். சரியில்லை என்றால் சின்னத் திருப்பத்திலேயே விலகிவிடலாம். இவை எல்லாவற்றையும்விட அவர்கள் பயப்படுவது வெளிச்சம் மழுங்கிப் போவதற்கு. மேலே வெள்ளை மேகம், கீழே வெள்ளைப் பனி, நிழலே கிடையாது. தரை பத்து அடியில் இருக்கிறதா நூறு அடியில் இருக்கிறதா என்று கண்ணுக்குத் தெரியாது. பழைய விமானிகள் ஸ்ப்ரூஸ் மரக் கிளைகளை வரிசையாகப் பனியில் போட்டு, அந்தக் கறுப்புப் புள்ளிகளை வைத்துத் தரையைக் கண்டுபிடித்து இறங்கினார்கள்.

எங்களுக்கு முன்னால் ஒரு கணவாய் வந்தது. அதன் வழியே மங்கலாக வெளிச்சம் தெரிந்தது. அங்கே விமானங்களுக்கான கட்டுப்பாட்டுக் கோபுரமும் கிடையாது, வழி சொல்ல ஆளும் கிடையாது. விமானிகள் தாங்கள் எங்கே, எந்த உயரத்தில், எந்தப் பக்கம் போகிறோம் என்று ரேடியோவில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதுதான் ஏற்பாடு. ஹெட்போனில் ஓர் ஆண் குரல் வந்தது. போட்டிக் கம்பெனி விமானி. உள்ளே போய்ப் பார்த்தேன், வழி இருக்கிறது, ஆனால் எனக்குப் பின்னால் மூடிக்கொண்டு வந்தது, வெளியே வந்துவிட்டேன் என்றார். எங்கள் விமானி நன்றி என்று ஒரே வார்த்தை சொன்னார். உடனே திருப்பினார். அந்தத் திருப்பத்துக்குப் பள்ளத்தாக்கின் முழு அகலமும் தேவைப்பட்டது.

என் பக்கத்தில் இருந்தவருக்குக் கோபம். வெளிச்சம் தெரிந்ததே, அது வழியாகப் போயிருக்கலாமே என்றார்.

"போகலாம் சார். திரும்பி வரும்போதும் அது திறந்திருக்க வேண்டுமே" என்றார் அந்தப் பெண்.

இறங்கியதும் ஆபீஸில் யாரும் அவரிடம் ஏன் என்று கேட்கவில்லை. பலகையில் எங்கள் பெயர்களை அழித்து மறுநாள் கட்டத்தில் எழுதினார்கள், அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் ரேடியோவில் பேசிய அந்த விமானி காப்பிக் கோப்பையோடு எங்கள் கம்பெனியின் விமானக் கொட்டகைக்கே வந்துவிட்டார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். விமானத்தின் வாலில் படிந்திருந்த தூசியில் விரலால் பள்ளத்தாக்கை வரைந்து, மேகம் எங்கே தொங்குகிறது, எந்தப் பக்கமிருந்து மூடுகிறது என்று காட்டினார். சுற்றி நாலைந்து இளம் விமானிகள் கூடிவிட்டார்கள். அப்போது அவர் சொன்னார், "இன்றைக்கு நான் இரண்டு நிமிடம் அதிகமாக உள்ளே போய்விட்டேன். இந்த இடத்திலேயே திரும்பியிருக்க வேண்டும்." விரல் அந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்தது. யாரும் சிரிக்கவில்லை. ஒரு பையன் அந்தப் புள்ளியைப் போனில் படம் எடுத்துக்கொண்டான்.

நான் ஒட்டுதல் என்று எழுதியது இதைத்தான். சம்பாத்தியத்தில் போட்டியாளர்கள். அதே பயணிக்காக அடித்துக்கொள்பவர்கள். ஆனால் மேகம் எங்கே இருக்கிறது என்பதை மட்டும் யாரும் யாரிடமும் மறைப்பதில்லை. தன் தவறையும் மறைப்பதில்லை. என் வாழ்க்கையில் நான் வேலை பார்த்த எந்த இடத்திலும் அனுபவசாலி ஒருவர் இளையவர்கள் நடுவில் நின்று அன்றைய தன் பிழையை அன்றே சொல்லி நான் கேட்டதில்லை.

இதில் பறக்காதவர்களுக்கும் பங்கு உண்டு. ஃபிரான்சிஸ் ராண்டல் என்ற பெண்மணி ஃபேர்பாங்க்ஸ் சிம்பொனியில் வயலின் வாசித்தவர், மலையேறியும்கூட. 1970களின் பிற்பாதியிலிருந்து பல பருவங்கள் கஹில்ட்னா பனியாற்றில் கூடாரத்தில் தங்கி, அங்கே வானம் எப்படி இருக்கிறது என்று ரேடியோவில் டால்கீட்னாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் குரலைக் கேட்டுத்தான் விமானம் கிளம்புவதும் கிளம்பாததும். அந்த முகாமுக்கு எதிரே உள்ள சிகரத்துக்கு இன்று அவர் பெயர்தான். இப்போது கணவாய்களில் வானிலைக் கேமராக்கள் இருக்கின்றன. கிளம்பும் முன் அந்த இடத்தின் படத்தையே பார்த்துவிடலாம். முன்னால் இருக்கும் மலையையும் மற்ற விமானங்களையும் காட்டும் திரைகள் காக்பிட்டுக்கு வந்துவிட்டன. இதனால் உயிர்கள் தப்பியிருக்கின்றன. அப்படியும் வருடந்தோறும் விபத்துச் செய்தி வருகிறது. அதை உங்களிடம் மறைக்க மாட்டேன்.

ஆக, காப்பாற்றுமா என்று கேட்டீர்கள். காப்பாற்றும். அன்று எங்களைக் காப்பாற்றியது. ஆனால் எல்லா இடத்திலும் அது ஒரே மாதிரி இருக்காது. கில்லமைக் கொண்டாடிய மாதிரி கொண்டாடும் இடங்கள் இன்னும் இருக்கின்றன. மகன் காட்டும் வீடியோக்களில் திரும்பிப் போன விமானம் ஒன்றாவது இருக்கிறதா என்று அவரிடம் கேளுங்கள். இருக்காது. அதை யார் படம் எடுத்துப் போடுவார்கள்?

அவரைத் தடுக்கச் சொல்லி நான் எழுத மாட்டேன். ரோடு இல்லாத ஊரில் பிரசவ வலி வந்த பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவும், மருந்தும் தபாலும் அரிசியும் கொண்டு சேர்க்கவும் யாராவது ஓட்டத்தான் வேண்டும். நல்ல மனசு உள்ளவர்கள் அந்த வேலைக்குப் போக ஆசைப்படுவதில் எனக்குச் சந்தோஷமே. ஆனால் எங்கே வேலைக்குச் சேர்ந்தாலும், சம்பளம் கேட்பதற்கு முன்னால் அங்குள்ள விமானிகளிடம் ஒன்றைக் கேட்கச் சொல்லுங்கள். கடைசியாகப் பாதி வழியில் திரும்பியவர் யார், ஆபீஸில் அவரிடம் என்ன சொன்னார்கள்? பதில் வந்ததும் முடிந்தால் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்.