தாண்டிச் சென்ற பக்கங்கள்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நீங்கள் முன்பு பரிந்துரைத்த மூன்று புனைவல்லாத நூல்களையும் ஒன்றன்பின் ஒன்றாகப் படித்து முடித்தேன். அலபாமாவில் செய்யாத கொலைக்காக மரண தண்டனை பெற்ற வால்ட்டர் மக்மில்லியனைப் பற்றிய பிரையன் ஸ்டீவன்சனின் 'ஜஸ்ட் மெர்சி', ஒரு பெண்ணின் புற்றுக்கட்டியிலிருந்து எடுத்து வளர்க்கப்பட்ட ஹீலா செல்களைப் பற்றிய ரெபெக்கா ஸ்க்ளூட்டின் 'தி இம்மார்ட்டல் லைஃப் ஆஃப் ஹென்ரியெட்டா லாக்ஸ்', நாஜித் தலைவர்கள் மீதான நியூரம்பர்க் விசாரணையைப் பற்றிய ஃபிலிப் சாண்ட்ஸின் 'ஈஸ்ட் வெஸ்ட் ஸ்ட்ரீட்' ஆகியவை அவை. மருத்துவமனையில் ரத்தம் கொடுத்துவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கும், ஹென்ரியெட்டாவின் மகள் டெபோராவை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். விசாரணை நடைமுறைகள், செல் வளர்ப்பு பற்றிய ஆய்வகச் செய்திகள், சாசனப் பிரிவுகள் ஆகியவை வரும் இடங்களையெல்லாம் புரட்டிவிட்டு, மனிதர்கள் வரும் பக்கங்களை மட்டுமே படித்தேன். அப்படியானால் நான் பாதிப் புத்தகத்தைத்தான் படித்திருக்கிறேன் என்கிறார் என் நண்பர். இத்தகைய செய்திகளை நல்ல எழுத்தாளர் பின்னிணைப்பில் வைத்திருக்க வேண்டாமா? இன்னொரு கேள்வி. மூன்று நூல்களிலும் ஆசிரியர் 'நான்' என்று நுழைந்துகொண்டே இருக்கிறார். பாதிக்கப்பட்டவரின் கதையில் எழுதுபவருக்கு என்ன வேலை?

(பெயரைத் தவிர்க்கும்படி கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் நண்பர் சொன்னதைவிடச் சற்றுக் கடுமையாகவே நான் சொல்ல வேண்டியிருக்கிறது. நடைமுறை வரும் பக்கங்களைத் தாண்டியதால், நீங்கள் படித்த பக்கங்களும் உங்களுக்கு முழுதாகக் கிடைத்திருக்காது. இந்த நூல்களில் வரும் மனிதர்களுக்கு நேரும் தீங்குகளில் பெரும்பாலானவை நடைமுறைக்குப் புறம்பாக நேர்ந்தவை அல்ல. படிவம் நிரப்பி, கையெழுத்து வாங்கி, உரிய அதிகாரி உரிய நாளில் ஆணையிட்டு, அந்த நடைமுறையின் வழியாகவே நேர்ந்தவை.

ஹென்ரியெட்டா லாக்ஸின் நூலை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் நீங்கள் இழந்தது அதில்தான் மிகுதி. 1951ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பால்டிமோரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், முப்பது வயதான அந்தக் கறுப்பினப் பெண்ணுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய் இருப்பது தெரியவருகிறது. ரேடியம் சிகிச்சை அளிக்கும்போது மருத்துவர் கட்டியிலிருந்து ஒரு துணுக்கை வெட்டி எடுக்கிறார், அது ஜார்ஜ் கய் என்பவரின் திசு வளர்ப்பு ஆய்வகத்துக்குப் போகிறது. ஹென்ரியெட்டாவிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டாக வேண்டும் என்ற விதியும் அன்று இல்லை. அதுவரை ஆய்வகங்களில் வளர்க்கப்பட்ட மனித செல்கள் சிறிது காலத்திலேயே மடிந்துகொண்டிருந்தன. இவையோ ஏறத்தாழ 24 மணிநேரத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகின. அக்டோபர் 4ஆம் நாள் அவர் இறந்தார். அவருடைய பெயரின் முதல் எழுத்துகளைக் கொண்டு ஹீலா என்று அழைக்கப்பட்ட செல்கள் உலகெங்கும் பரவின. போலியோ தடுப்பூசியைச் சோதிப்பதற்காக அவை டஸ்கீகியில் பேரளவில் வளர்க்கப்பட்டன. (கறுப்பின ஆண்களுக்குச் சிகிச்சை தராமல், மேகநோய் எப்படி முற்றுகிறது என்று 1932 முதல் 1972 வரை வேடிக்கை பார்த்த ஆய்வு நடந்ததும் அதே டஸ்கீகியில்தான்.) இவ்வளவையும் நீங்கள் படித்திருப்பீர்கள்.

நீங்கள் தாண்டியது 1966ஆம் ஆண்டு நிகழ்ச்சியாக இருக்கும் என்று நினைக்கிறேன். ஸ்டான்லி கார்ட்லர் என்ற மரபியலாளர், வெவ்வேறு மனிதர்களின் வெவ்வேறு திசுக்களிலிருந்து வளர்க்கப்பட்டவை என்று எல்லோரும் நம்பிய 18 செல் வரிசைகளைப் பரிசோதித்து, அவை அனைத்திலும் ஒரே நொதியின் ஒரே வடிவம் இருப்பதைக் கண்டார். ஜி6பிடி-ஏ என்ற அந்த வடிவம் ஏறக்குறைய ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் மட்டுமே காணப்படுவது. அத்தனை செல்களும் அப்படிப்பட்டவர்களிடமிருந்து வந்திருக்க வாய்ப்பே இல்லை. ஹீலா செல்கள் துளியிலும் தூசியிலும் கருவிகளிலும் ஒட்டிச் சென்று பிற வளர்ப்புத் தட்டுகளுக்குள் புகுந்து, அங்கு ஏற்கெனவே இருந்தவற்றை விழுங்கி வளர்ந்திருந்தன என்பதே அதன் பொருள். கல்லீரல் செல்லை ஆராய்கிறோம் என்று எண்ணியவர்கள், உண்மையில் கருப்பை வாய்ப் புற்றுச் செல்லை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள்.

இந்தச் செய்தி ஓர் அறிவியல் வம்பாக மட்டும் நின்றிருந்தால் நீங்கள் சொல்வதுபோல் பின்னிணைப்பில் வைக்கலாம். ஆனால் எந்தத் தட்டில் ஹீலா புகுந்திருக்கிறது என்று பிரித்தறிய ஆய்வாளர்களுக்கு மேலும் துல்லியமான மரபணு அடையாளங்கள் தேவைப்பட்டன. அவற்றைப் பெறுவதற்கு அவர்கள் கண்ட வழி, இறந்த பெண்ணின் கணவரிடமும் பிள்ளைகளிடமும் ரத்தம் எடுப்பது. 1973 வாக்கில் அக்குடும்பத்துக்கு அழைப்பு வந்தது இதற்காகத்தான். தாயின் செல்கள் உயிரோடு இருக்கின்றன என்பதே அவர்களுக்கு அந்தச் சமயத்தில்தான் தெரிந்தது. எதற்காக ரத்தம் எடுக்கிறார்கள் என்பதை அவர்களுக்குப் புரியும்படி யாரும் சொல்லவில்லை. தாயைக் கொன்ற நோய் தனக்கும் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள் என மகள் டெபோரா நம்பினார். அவர் காத்திருந்த முடிவு வரவே போவதில்லை, ஏனென்றால் அப்படி ஒரு பரிசோதனை நடக்கவே இல்லை.

டெபோராவை மறக்க முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கலக்கத்தை நான் ஐயுறவில்லை. ஆனால் கார்ட்லரைத் தாண்டி வந்ததால், ரத்தம் ஏன் எடுக்கப்பட்டது என்று தெரியாமலே நீங்கள் கலங்கியிருக்கிறீர்கள், அதாவது டெபோரா எந்த அறியாமையில் நிறுத்தப்பட்டாரோ அதே அறியாமையில் நின்று. ஸ்க்ளூட் வாசகரை நிறுத்த விரும்பிய இடம் அதுவல்ல. டெபோராவிடம் மறைக்கப்பட்டது எது என்று நமக்குத் தெரிந்திருக்க, அவர் தெரியாமல் காத்திருப்பதை நாம் பார்க்க வேண்டும். அந்த அத்தியாயத்தின் வலி அவருக்கும் நமக்கும் இடையிலுள்ள அந்த இடைவெளியில் இருக்கிறது, அதை உண்டாக்குவது நொதியைப் பற்றிய அந்த வறண்ட பக்கங்கள்.

'ஜஸ்ட் மெர்சி'யைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். மன்ரோவில் என்ற ஊரில் 1986 நவம்பர் 1 அன்று ஓர் இளம்பெண் சலவைக் கடையில் கொல்லப்படுகிறாள். (நிறவெறி நீதியைப் பற்றிய புகழ்பெற்ற நாவல் ஒன்றை எழுதிய ஹார்ப்பர் லீயின் சொந்த ஊர் அது. ஊரார் அந்த நாவலைக் கொண்டாடியபடியே இந்த வழக்கையும் நடத்தினார்கள் என்பதை ஸ்டீவன்சன் கசப்போடு குறிப்பிடுகிறார்.) அந்த நேரத்தில் மக்மில்லியன் தம் வீட்டில் பலர் நடுவே இருந்தார். ஆயினும் 1987இல் கைதானார். விசாரணை தொடங்கும் முன்பே, மரண தண்டனைக் கைதிகளுக்கான சிறைப்பகுதியில் அடைக்கப்பட்டார். வழக்கு ஊரில் பெரிதாகப் பேசப்பட்டால் விசாரணையை வேறு கவுண்டிக்கு (மாவட்டம் போன்ற பகுதிக்கு) மாற்றலாம் என்பது குற்றம் சாட்டப்பட்டவரைக் காப்பதற்காக ஏற்பட்ட விதி. நீதிபதி அந்த விதியைப் பயன்படுத்தி, கறுப்பினத்தவர் மிகக் குறைவாக வாழும் பால்ட்வின் கவுண்டிக்கு வழக்கை மாற்றினார். ஜூரியில் வெள்ளையர் 11 பேர், கறுப்பினத்தவர் ஒருவர். விசாரணை ஒன்றரை நாளில் முடிந்தது. ஜூரி ஆயுள் தண்டனையைப் பரிந்துரைத்தும், ராபர்ட் இ. லீ கீ என்ற அந்த நீதிபதி அதை ஒதுக்கிவிட்டு மரண தண்டனை விதித்தார். அப்படி ஒதுக்க அலபாமா சட்டம் இடம் தந்தது. அங்கே நீதிபதிகள் தேர்தலில் வென்று வருபவர்கள் என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். அந்த அதிகாரம் 2017இல்தான் நீக்கப்பட்டது.

முதன்மைச் சாட்சி பொய் சொல்லும்படி தன்னை நெருக்குகிறார்கள் என்று முறையிட்ட ஒலிநாடாவை அரசுத் தரப்பு மறைத்தது பச்சையான முறைகேடு. அது வெளிவந்ததும், சாட்சி தன் வாக்குமூலத்தைத் திரும்பப் பெற்றதும் 1993 மார்ச் 2 அன்று விடுதலைக்கு வழிவகுத்தன. நீங்களும் அந்த நாடாவைத்தான் நினைவில் வைத்திருப்பீர்கள், நாடகத்தன்மை அதில் இருக்கிறது. ஆனால் கவுண்டி மாற்றமும் ஜூரியின் பரிந்துரையை ஒதுக்கியதும் சட்டம் அனுமதித்தபடியே நடந்தவை. நாடாவை மட்டும் நினைவில் கொள்ளும் வாசகர், கெட்ட அதிகாரிகள் சிலர் பிடிபட்ட கதையாக நூலை மூடிவிடுவார். ஸ்டீவன்சன் எழுதியது அந்தக் கதையை அல்ல.

'ஈஸ்ட் வெஸ்ட் ஸ்ட்ரீட்'டில் நீங்கள் தாண்டியிருக்கக்கூடிய ஓர் இடத்தை மட்டும் சொல்கிறேன், அது ஒரு நிறுத்தற்குறி. நியூரம்பர்க் விசாரணைக்கான சாசனம் 1945 ஆகஸ்ட் 8 அன்று லண்டனில் கையெழுத்தானது. 'மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்கள்' என்ற தலைப்பை அதில் சேர்க்கும்படி அமெரிக்கத் தரப்பின் தலைமை வழக்கறிஞர் ராபர்ட் ஜாக்சனுக்கு யோசனை கூறியவர், இன்று லிவிவ் எனப்படும் லெம்பர்க் நகரில் சட்டம் படித்துக் கேம்பிரிட்ஜில் பேராசிரியரான ஹெர்ஷ் லாட்டர்பாக்ட். அந்தப் பிரிவு, பொதுமக்களைக் கொல்லுதல், அடிமைப்படுத்துதல், நாடு கடத்துதல் போன்றவற்றைப் 'போருக்கு முன்போ போரின்போதோ' செய்ததைக் குற்றம் என்றது. பிறகு ஓர் அரைப்புள்ளி. அதன்பின், அரசியல், இன, சமயக் காரணங்களுக்கான துன்புறுத்தல்கள் இந்நீதிமன்றத்தின் வரம்புக்குட்பட்ட பிற குற்றங்களோடு தொடர்புடையவையாக இருந்தால் அவையும் குற்றம் என்றது. ரஷ்ய மொழிப் பிரதியிலோ அரைப்புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் காற்புள்ளி இருந்தது. அக்டோபர் 6 அன்று, விசாரணையை நடத்திய நான்கு வல்லரசுகளும் கூடி, அரைப்புள்ளியை எடுத்துவிட்டுக் காற்புள்ளியையே வைத்தன. துன்புறுத்தல்களுக்கு மட்டும் இருந்த நிபந்தனை அதனால் முன்பகுதியையும் பற்றிக்கொண்டது. போரோடு தொடர்புபடுத்திக் காட்ட முடியாத எதுவும் மனிதகுலத்துக்கு எதிரான குற்றம் ஆகாது என்றாயிற்று. 1933 முதல் போர் தொடங்கும்வரை ஜெர்மனியில் யூதர்களுக்கு இழைக்கப்பட்டவற்றின் கொடுமையை ஏற்றுக்கொண்ட நீதிமன்றம், 1946இல் அளித்த தீர்ப்பில், அவற்றைப் பொதுவாக அவ்வகைக் குற்றம் என்று அறிவிக்க மறுத்தது.

அரசாணைகள் வரும் பக்கங்களையும் நீங்கள் புரட்டிவிட்டிருப்பீர்கள். லாட்டர்பாக்ட் படித்த அதே லெம்பர்க் பல்கலைக்கழகத்தில் படித்த ரஃபேல் லெம்கின், போலந்திலிருந்து தப்பி ஸ்வீடனுக்குப் போனதும் செய்த முதல் வேலைகளில் ஒன்று, ஜெர்மானியர் தாம் பிடித்த நாடுகளில் வெளியிட்ட ஆணைகளைத் திரட்டியது. தேசிய உரிமை பற்றி ஒன்று, சொத்து பற்றி ஒன்று, உணவுப் பங்கீடு பற்றி ஒன்று என்று தனித்தனியே படித்தால் அவை நிர்வாகக் குறிப்புகள். வரிசையாக வைத்துப் படித்தவருக்கு ஒரு மக்கள் கூட்டத்தையே இல்லாமல் செய்யும் திட்டம் அவற்றில் தெரிந்தது. கிரேக்கச் சொல் ஒன்றையும் லத்தீன் சொல் ஒன்றையும் இணைத்து அதற்கு அவர் உருவாக்கிய பெயர் 1944இல் அச்சேறியது. இன்று நாம் இனப்படுகொலை என்று தமிழில் வழங்குவது அதைத்தான். நியூரம்பர்க் தீர்ப்பில் அந்தச் சொல் இடம்பெறவில்லை. 1948 டிசம்பர் 9 அன்று ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற உடன்படிக்கையில்தான் அது சட்டமாயிற்று. லாட்டர்பாக்ட் அந்தச் சொல்லை விரும்பவில்லை. சட்டம் தனிமனிதரைக் காக்க வேண்டும், கூட்டத்தை முன்னிறுத்தினால் கூட்டங்களுக்கிடையிலான பகையே வலுப்படும் என்று அவர் அஞ்சினார். இருவரில் யார் சரி என்பதில் எனக்கு இன்றும் முடிவில்லை, சாண்ட்ஸும் அதைத் திறந்தே வைத்திருக்கிறார்.

இனி 'நான்' பற்றி. ஸ்டீவன்சன் மக்மில்லியனின் வழக்கறிஞர், அவரை நீக்கினால் நூலே இல்லை. ஸ்க்ளூட் விஷயத்தில் உங்கள் எரிச்சல் எனக்கும் முதல் வாசிப்பில் இருந்தது, பிறகு மாறியது. அந்தக் குடும்பத்திடம் குறிப்பேட்டோடு வந்தவர்கள் எல்லோரும், தாங்கள் யார், எதற்கு வந்தோம் என்று சொல்லாமல் எதையாவது எடுத்துச் சென்றவர்கள். ஏறத்தாழப் பத்தாண்டுகள் அவர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதிய ஒரு வெள்ளையினப் பெண், நூலில் தன்னை மறைத்துக்கொண்டிருந்தால் அந்த வரிசையில் இன்னொருவராகியிருப்பார். தான் எப்படிக் கதவைத் தட்டினேன், எத்தனை முறை விரட்டப்பட்டேன் என்று அவர் எழுதுவதை ஒருவகைக் கணக்கு ஒப்படைப்பாக இப்போது படிக்கிறேன். சாண்ட்ஸிடம்தான் எனக்குக் குறை உண்டு. அவருடைய தாத்தா லெம்பர்க்கில் பிறந்தவர் என்பது அவரை அந்த ஊருக்கு இழுத்தது, அது இருக்கட்டும். கொள்ளுப்பாட்டியும் லாட்டர்பாக்ட்டும் ஒரே தெருவின் இரு முனைகளில் வாழ்ந்தார்கள் என்ற தற்செயலுக்கு அவர் தலைப்பு வரை இடம் கொடுத்திருப்பது, அந்தத் தற்செயலால் தாங்கமுடியாத சுமை என்றே படுகிறது. மேலும் ஸ்டீவன்சனும் சாண்ட்ஸும் தொழில்முறை வழக்கறிஞர்கள். ஆவணங்களை எந்த வரிசையில் காட்டினால் வாதம் வலுக்கும் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். 'நான்' என்று வெளிப்படையாக நிற்பதால்தான் அதை நாம் நினைவில் வைத்துக்கொண்டு படிக்க முடிகிறது.

மூன்று நூல்களையும் உடனே மறுபடி படிக்கும்படி சொல்ல மாட்டேன். ஸ்க்ளூட்டின் நூலில் கார்ட்லர் வரும் அத்தியாயத்தை மட்டும் படியுங்கள், அதை முடித்த கையோடு குடும்பத்தாரிடம் ரத்தம் எடுக்கும் பக்கங்களுக்குப் போங்கள். நடுவில் உள்ளவற்றை இந்த ஒருமுறை தாண்டிக்கொள்ளலாம். படித்த பிறகு டெபோராவைப் பற்றி மறுபடி எழுதுங்கள்.

அன்புடன்.